இரத்தப் பரிசோதனைச் சீட்டின் வாசகர்: ஒரு மொழி வரலாறு

1. முன்னுரை

மைசூர் நகரின் பழைய மொஹல்லாக்களுள் ஒன்று தேவராஜ மொஹல்லா. தேவராஜ சந்தையும் சயாஜிராவ் சாலையும் இர்வின் சாலையும் அமைந்த இப்பகுதியிலேதான் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை உள்ளது. கன்னட மக்கள் வழக்கில் இதற்குத் 'தொட்டாஸ்பத்ரெ' என்று பெயர். தமிழ்நாட்டு ஊர்களில் 'பெரியாஸ்பத்திரி' என்னும் சொல் எதைக் குறிக்கிறதோ அதையே இச்சொல்லும் குறிக்கிறது. 1924இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று 1930இல் மைசூருக்கு மாற்றப்பெற்ற மைசூர் மருத்துவக் கல்லூரிக்கு இதுவே பயிற்று மருத்துவமனை. மைசூரிலிருந்து மட்டுமின்றி மண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் இங்கு வருகின்றனர். கன்னடம் பெரும்பான்மையோர் மொழி; உருது, தமிழ், தெலுங்கு, மலையாளம், கொடவம் ஆகியனவும் இவ்வட்டாரத்தில் வழங்குவன. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள கொள்ளேகால் பகுதி 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதும் இவண் நினைக்கத்தக்கது.

இத்தகைய மருத்துவமனையில் மருத்துவரும் நோயாளரும் பேசுவது ஒரு மொழி; மருத்துவர் எழுதுவது ஆங்கிலம்; நோயாளர் வீட்டில் தம் நோயைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் மற்றொரு மொழி. இம்மூன்றும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் இரத்தப் பரிசோதனைச் சீட்டு. சில எண்களும் சில சொற்களும் அடங்கிய இச்சீட்டினை மொழியியலார் இதுவரை ஓர் உரைவகையாகப் பெரிதும் கருதியதில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் ஆய்வுகள் பாடநூலையும் அகராதியையுமே மிகுதியும் நோக்கின.

இச்சீட்டு யாருக்காக எழுதப்பட்டது, யாரால் படிக்கப்படுகிறது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பரிசோதனைக் கூடம் மருத்துவர் ஒருவரையே வாசகராகக் கொண்டு வளர்ந்தது. நோயாளர் பிற்காலத்தில் வாசகரானார். அவ்வாறு ஆனபோது அவர் மொழியில் அதற்கான சொல்லும் தொடரும் ஆயத்தமாக இருக்கவில்லை. இக்குறை சொற்பற்றாக்குறையாக மட்டும் நின்றுவிடாமல் நோயாளரின் நலனையும் தொடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. சீட்டு இல்லாத காலம்

இரத்தத்தை அளந்து நோயறியும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவாயிற்று. 1852இல் கார்ல் பீரோர்ட் என்னும் ஜெர்மானிய உடலியலறிஞர் இரத்த அணுக்களை எண்ணும் முறையை வெளியிட்டார். 1870களின் இறுதியில் பால் எர்லிக் சாயங்களைக் கொண்டு வெள்ளணுக்களை வகைப்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் கோவர்ஸ் என்பார் ஹீமோகுளோபினை நிறத்தால் மதிப்பிடும் சிறு கருவியை அமைத்தார். 1880இல் லவெரான் மலேரியா ஒட்டுண்ணியை மனித இரத்தத்தில் கண்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1896இல் டைபாய்டுக்கான விடால் சோதனையும், 1901இல் லாண்ட்ஸ்டைனரின் இரத்த வகைகளும் அறியப்பட்டன.

இக்கருவிகள் தொடக்கத்தில் மருத்துவரின் கைக்கருவிகளாகவே இருந்தன. நோயாளரின் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி எடுத்து, வார்டினை ஒட்டிய சிறு அறையிலிருந்த நுண்ணோக்கியில் மருத்துவரோ அவர் மாணவரோ தாமே பார்த்தனர். சாலி என்பார் 1902இல் அமைத்த ஹீமோகுளோபின்மானி இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறையினர் கையாண்ட கருவி. இரத்தத்தை அமிலத்தில் கலந்து பழுப்பு நிறமாக்கி, அந்நிறம் பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு ஒக்கும் வரை நீர்விட்டுக் கலப்பதே அதன் முறை. நோயாளரைக் கண்டவரும் இரத்தத்தைக் கண்டவரும் ஒருவரே ஆதலின் இடையில் உரை எதுவும் தேவைப்படவில்லை. நோயட்டையில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது.

பரிசோதனைக் கூடம் தனி நிறுவனமாக இந்தியாவில் வேரூன்றியதற்குத் தொற்றுநோய்கள் ஒரு முக்கிய காரணம். 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியபின் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம் அங்கு எழுந்தது. சென்னைக்கருகே கிண்டியில் கிங் நிறுவனமும், குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனமும் அமைந்தன. மைசூர் அரசுப் பகுதியை 1898இல் பிளேக் தாக்கியது. மைசூர் நகரில் 1903இல் அமைக்கப்பெற்ற நகர மேம்பாட்டுக் குழுமம் நெருக்கடி மிகுந்த பழைய மொஹல்லாக்களைத் திருத்தியமைத்ததன் பின்னணியிலும் இந்நோயச்சம் இருந்தது. இக்கூடங்கள் பெரிதும் அரசின் சுகாதாரத் துறைக்குப் பதில் சொல்வனவாகவே இருந்தன. தனிமனித நோயாளருக்கும் அவற்றுக்கும் நேர்த்தொடர்பு அரிது.

3. தமிழ் மருத்துவ உரைநடையும் ஆய்வகம் தவறிய தருணமும்

தமிழில் மேலை மருத்துவத்தை எழுதும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60க்கும் மேற்பட்டோர். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் உருவாயின. தமிழ்ச்சொல் உளதாயின் அதனைக் கொள்ளுதல், இல்லையேல் வடசொல்லை நாடுதல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்ப எழுதுதல் என்னும் வரிசை அவருடையது. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று.

கால வரிசையை நோக்கின் ஒரு செய்தி புலனாகிறது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். உடற்கூறு, அறுவை, பிரசவம், மருந்து, வேதியியல் ஆகியவற்றுக்குத் தமிழ் உரைநடை அவர் காலத்தில் கிடைத்தது. நோயறி ஆய்வகத்தின் கருவிகளும் முறைகளுமோ பெரும்பாலும் 1880க்குப் பின் வந்தவை. அவை இந்நிலப்பகுதிக்கு வந்தபோது தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்து ஆங்கிலம் ஒன்றே பயிற்றுமொழியாக நிலைத்துவிட்டது. எனவே எலும்பின் பெயரும் புண்ணின் பெயரும் தமிழில் ஒரு மருத்துவ ஆசிரியரின் வாயால் மாணவருக்குச் சொல்லப்பட்ட வரலாறு உண்டு. ஆய்வக முடிவுக்கு அத்தகைய வரலாறு இல்லை. ஆய்வகத் தமிழ் வகுப்பறையில் பழகாமல் நேரே பாடநூற் குழுக்களிலும் அகராதிகளிலும் பிறந்தது.

1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் நடத்திய தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கம் தொடங்கி, விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயங்கிய குழுக்கள் வரை இத்துறைச் சொற்களை வகுத்தன. விளைவு இருவேறு தொகுதிகள். தமிழ்நாட்டுப் பாடநூல் 'சிவப்பணு', 'வெள்ளணு', 'இரத்தத் தட்டு' என்னும். இலங்கைப் பாடநூல் 'செங்குழியம்', 'வெண்குழியம்', 'குருதிச் சிறுதட்டு' என்னும். ஒன்று 'ஆய்வகம்' என, மற்றது 'ஆய்வுகூடம்' என வழங்கும். இச்சொற்கள் பள்ளித் தேர்வில் பயன்பட்டன. மருத்துவமனைச் சீட்டில் அவை இடம்பெறுதல் அரிதாயிற்று. டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் நோயாளர் குடும்பத்தார் ஒவ்வொரு நாளும் கேட்டறிவது 'பிளேட்லெட்' எண்ணிக்கையை. 'தட்டணு' எவ்வளவு என்று கேட்போர் மிகச் சிலரே.

4. மருத்துவருக்கு எழுதப்பட்ட உரை

20ஆம் நூற்றாண்டில் சோதனைகள் பெருகின. வேலைப் பகுப்பு இன்றியமையாததாயிற்று. 1953இல் வாலஸ் கூல்ட்டர் பெற்ற காப்புரிமையை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் அணுக்களைத் தாமே எண்ணின. 1957இல் டெக்னிகான் நிறுவனம் வெளியிட்ட தானியங்கிப் பகுப்பி உயிர்வேதியியல் சோதனைகளைத் தொடர்ச்சியாகச் செய்தது. மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்கூற்றியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என ஆய்வகப்பணி மூன்று துறைகளாயிற்று. நோயாளரைக் கண்டவர் ஒருவர், இரத்தம் எடுத்தவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், ஒப்பமிட்டவர் ஒருவர் என்னும் நிலை வந்தது. இந்நால்வரையும் இணைத்தது சீட்டு.

இச்சீட்டுக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, மருத்துவர் ஆய்வகத்தைக் கேட்கும் வேண்டுகோள். மற்றது, ஆய்வகம் மருத்துவருக்குத் தரும் மறுமொழி. இதனை ஓர் உரையாடலாகக் கொண்டால் இதன் இயல்பு தெளிவாகும். வேண்டுகோளில் நோயாளரின் வயது, பால், ஐயப்படும் நோய், உட்கொள்ளும் மருந்து ஆகியன இருந்தால்தான் மறுமொழி பொருளுடையதாகும். ஹீமோகுளோபின் 10.5 கிராம் என்னும் ஒரே எண் கருவுற்ற பெண்ணுக்கு ஒரு பொருளும், நெடுநாள் சிறுநீரக நோயாளருக்கு வேறொரு பொருளும் தரும். வேண்டுகோளில் 'காய்ச்சல்' என்னும் ஒரு சொல் மட்டும் இருக்குமாயின், கேள்வியின் பாதியை ஆய்வகம் ஊகிக்க வேண்டியதாகிறது.

மறுமொழிப் பகுதியில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு அச்சிடப்படுகிறது. நெடுங்காலம் இதற்கு 'நார்மல்' என்றே தலைப்பு. 1969இல் பின்லாந்து அறிஞர்களான கிரேஸ்பெக், சாரிஸ் ஆகியோர் இச்சொல்லை மறுத்து 'மேற்கோள் மதிப்பு' என்னும் பொருள்படும் சொல்லை முன்வைத்தனர். நலமுடையோர் குழு ஒன்றை அளந்து, அவர்களுள் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் மதிப்புகளை எல்லையாகக் கொள்வதே வழக்கம். எனவே எந்த ஒரு சோதனையிலும் நலமுடையோர் இருபதின்மரில் ஒருவர் இவ்வெல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஒரே நாளில் செய்தால், நலமுடைய ஒருவருக்கு ஒன்றேனும் எல்லை கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 'நார்மல்' என்னும் சொல் 'இதற்கு வெளியே இருப்பது நோய்' என்று அறிவிக்கிறது. 'மேற்கோள்' என்னும் சொல் 'இதனோடு ஒப்பிடுக' என்கிறது. அறிவியலார் ஒரு சொல்லின் பொருட்புலத்தை அறிந்து அதனை மாற்றிய நிகழ்ச்சி இது. தமிழில் நாம் இன்றும் 'இயல்பு அளவு' என்றே எழுதி வருகிறோம். அறிவியலார் கைவிட்ட கருத்தையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வகம் மருத்துவருக்கு ஆற்றும் பணிகளுள் உடனடிச் செய்தியும் ஒன்று. 1972இல் ஜார்ஜ் லண்ட்பெர்க், உயிருக்கு ஊறு விளைக்கக்கூடிய முடிவுகளைச் சீட்டு எழுதப்படும் வரை காத்திராமல் மருத்துவருக்கு நேரே தெரிவிக்கும் முறையை விளக்கினார். பொட்டாசியம் மிக உயர்ந்தாலோ சர்க்கரை மிகத் தாழ்ந்தாலோ ஆய்வகத்தார் தொலைபேசியில் அழைப்பதும், கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும் இதன் வழிவந்தவை. எழுத்துரை பேச்சுரையாகும் இவ்விடத்திலும் ஆய்வகம் முன்னிலைப்படுத்துவது மருத்துவரையே.

5. நோயாளர் வாசகராதல்

இந்தியாவில் சீட்டினைச் சுமந்து செல்பவர் நோயாளரே. புறநோயாளர் பிரிவில் சீட்டு எழுதப்படுகிறது. அவரோ உறவினரோ அதனை ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்று, முடிவினைப் பெற்று, மீண்டும் மருத்துவரிடம் வருகின்றனர். சுமந்தவர் வாசகராவதற்குச் சில நிகழ்ச்சிகள் வழிவகுத்தன. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுங்குமுறைகள், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்றன. இன்று பல ஆய்வகங்கள் முடிவினை மருத்துவர் காணுமுன்னரே நோயாளரின் கைப்பேசிக்கு அனுப்புகின்றன.

நோயாளர் நலனுக்காக மொழியைத் திட்டமிட்ட முதற்பெரும் சூழல் எச்.ஐ.வி. சோதனை எனலாம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோர் சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் சோதனைக்கு முன்னும் பின்னும் நோயாளரோடு அவர் மொழியில் பேசும் ஆலோசகர் என்னும் பணியிடம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் இச்சோதனை இடங்களுக்கு 'நம்பிக்கை மையம்' எனப் பெயரிட்டனர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அறிந்து தரும் இசைவினையும் மறைகாப்பினையும் கட்டாயமாக்கியது. முடிவினைச் சொல்லுதலும் ஒரு மருத்துவப் பணியே என்பதை நிறுவிய இம்மரபு ஏனைய இரத்தச் சோதனைகளுக்கு அவ்வளவாகப் பரவவில்லை.

அதன் விளைவை ஒரு சொல்லால் காட்டலாம். கருவுற்ற பெண்ணின் சீட்டில் இரத்த வகைக்கு எதிரே 'பி நெகட்டிவ்' என்றும், எச்.ஐ.வி.க்கு எதிரே 'நெகட்டிவ்' என்றும், மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரே 'நெகட்டிவ்' என்றும் இருக்கலாம். பின்னிரண்டும் ஆறுதல் தருவன. முன்னது கருத்தூன்ற வேண்டியது: தாய்க்கு ஆர்.எச். காரணி இல்லாமல் குழந்தைக்கு இருக்குமாயின், குழந்தை பிறந்த 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த கருவுக்கு ஊறு நேரலாம். விடால் சோதனையில் 'பாசிட்டிவ்' என்பது இன்றைய நோயையும் குறிக்கலாம், முன்பு வந்த தொற்றையோ போட்ட தடுப்பூசியையோ குறிக்கலாம். ஒரே தாளில் ஒரே சொல் 'உண்டு', 'நோய் உண்டு', 'ஐயத்திற்கு இடமுண்டு' என மூன்று பொருள் தருகிறது. மருத்துவர் சூழலால் பொருளைப் பிரித்தறிவார். நோயாளருக்குச் சூழல் தெரியாது. சொல் ஒன்றே தெரியும்.

நோயாளர் சொல்லும் இவ்வாறே மருத்துவருக்கு எதிர்ப்பொருள் தரும். 'சர்க்கரை இருக்கிறதா?' என்றால் தமிழில் நீரிழிவு உண்டா என்பது பொருள். ஆய்வக நோக்கில் சர்க்கரை இல்லாத இரத்தமே இல்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உப்பு' என்பது கருவுற்றவரின் சிறுநீரில் காணும் புரதத்தையும், சிறுநீரக நோயாளரின் இரத்தத்தில் உயரும் யூரியா, கிரியாட்டினின் ஆகியவற்றையும், சில வேளைகளில் உணவின் உப்பையும் குறிக்கிறது. 'உப்பு ஏறியிருக்கிறது' என்று கேட்டு வீட்டில் உணவின் உப்பைக் குறைப்பதோடு நிறைவடைவோர் உளர். 'இரத்தம் குறைவு' என்பது சோகையைக் குறிக்கும் தொடர். ஆயின் ஐந்து மில்லிலிட்டர் எடுத்ததால் உடலிலுள்ள இரத்தமே குறைந்துவிடும் என்னும் அச்சத்திற்கும் இத்தொடர் இடந்தருகிறது. வளர்ந்த ஒருவர் உடலில் உள்ளது ஏறத்தாழ ஐந்து லிட்டர். எடுப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'இரத்தம் கொடுத்தேன்' என்னும் தொடர் சோதனைக்கும் கொடைக்கும் பொதுவாக இருப்பதும் இக்குழப்பத்திற்குத் துணை.

6. பிழை நேரும் இடம்

இதுவரை கூறியவை சொல்லாராய்ச்சி மட்டுமே எனத் தோன்றலாம். ஆய்வகப் பிழைகள் பற்றிய ஆய்வொன்று வேறுவகையில் எண்ணச் செய்கிறது. 1997இல் இத்தாலியின் பாதுவா நகர மருத்துவமனை ஒன்றில் பிளெபானி, கர்ராரோ ஆகியோர் அவசர ஆய்வகத்தின் பிழைகளைத் தொகுத்தனர். 40,490 சோதனைகளில் 189 பிழைகள் காணப்பட்டன. அவற்றுள் 68.2 விழுக்காடு அளப்பதற்கு முன்னரும், 18.5 விழுக்காடு அளந்த பின்னரும் நேர்ந்தவை. கருவியிலும் அளவையிலும் நேர்ந்தவை 13.3 விழுக்காடே. முன்னும் பின்னும் என்னும் அவ்விரு பகுதிகளிலும் நிகழ்வன: கேட்டல், எழுதுதல், பெயரிடுதல், அறிவுறுத்தல், படித்தல். இவற்றுட் பல மொழிச் செயல்கள்.

அறிவுறுத்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனைக்கு எட்டு மணி நேரமேனும் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளலாகாது. கன்னடத்தில் 'ஊட்ட' என்பது முழு உணவு, 'திண்டி' என்பது சிற்றுண்டி, காப்பி குடிக்கப்படுவது. 'ஊட்ட மாடபேடி' என்று மட்டும் சொன்னால் இட்லியும் காப்பியும் விலக்கப்பட்டனவாகா. தமிழில் சிக்கல் வேறு. 'காப்பி சாப்பிடு' என்னும் வழக்கு உடையோருக்குச் 'சாப்பிடாமல் வாருங்கள்' என்பது காப்பியையும் விலக்கும். 'காப்பி குடி' என்போருக்கு விலக்காது. சர்க்கரையும் பாலும் கலந்த காப்பி, சோதனை முடிவை உயர்த்தப் போதுமானது. 'விரதம்' என்று சொன்னாலோ, பாலும் பழமும் உண்ணும் விரதங்கள் நம்மிடையே உண்டு. கன்னடம் பேசும் ஊழியர் தமிழ் பேசும் நோயாளருக்குச் சொல்லும்போது இவ்விரு பொருட்பகுப்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 'நேற்று இரவு உணவுக்குப் பின் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காப்பி, தேநீர், பால், பிஸ்கட், பழம் கூடாது' என்று பெயர் சொல்லி விலக்கும் தொடரே பாதுகாப்பானது. பொதுச்சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடும் மொழிபெயர்ப்பு இங்குப் பயன்படாது.

பெயரிடுதல் மற்றொன்று. இந்நிலத்துப் பெயர்களில் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை; முதலெழுத்தும் பெயரும் மட்டுமே. ஒரு நாளில் பல லட்சுமிகள் ஒரே ஆய்வகத்திற்கு வருவர். தமிழ் எழுத்து ஒலிப்புடை, ஒலிப்பிலா ஒலிகளைப் பிரித்துக் காட்டாதது. 'பாலன்' என்னும் தமிழெழுத்தைக் கன்னடத்தில் இரு வகையாகப் பெயர்த்தெழுத இயலும். ழகரம் கன்னடத்தில் ளகரமாகும். அப்பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது மேலும் வேறுபடும். வேண்டுகோளில் ஒருவகையாகவும் குழாயில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்ட பெயரை ஊழியர் ஒன்றெனக் கொள்வதா, வேறெனக் கொள்வதா? இரத்தம் ஏற்றுவதற்கான பொருத்தச் சோதனையில் இவ்வினா உயிரோடு விளையாடும். ஏ வகையினருக்கு பி வகை இரத்தம் ஏறினால் மரணமும் நேரலாம். பெயரோடு மருத்துவமனை எண் போன்ற இரண்டாவது அடையாளத்தையும் ஒப்பிட வேண்டும் என்னும் விதி இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது. எழுத்துப்பெயர்ப்பின் தளர்ச்சியை எண் ஈடுசெய்கிறது.

இரத்தமும் தன் பங்குக்குக் காலத்தை மதிக்கிறது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத குழாயில் அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து உண்ணும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறையும். அதனைத் தடுக்கவே புளோரைடு கலந்த குழாய். அணுக்களை எண்ணுவதற்கான இரத்தம் உறையாதிருக்க இ.டி.டி.ஏ. கலந்த குழாய் வேறு. அணுக்கள் உடைந்துவிடின் அவற்றினுள்ளிருந்த பொட்டாசியம் வெளிப்பட்டு, நோயாளரிடம் இல்லாத ஓர் ஆபத்தைக் காட்டும். 'இரத்தம் கெட்டுவிட்டது, மீண்டும் எடுக்க வேண்டும்' என்று ஊழியர் சொல்லும்போது குழாயிலிருக்கும் மாதிரி பழுதுற்றது என்பதே கருத்து. தமிழில் 'இரத்தம் கெட்டுவிட்டது' என்பதற்கு உடலிலுள்ள இரத்தமே தூய்மை கெட்டது என்னும் பழம்பொருள் உண்டாதலின், கேட்டவர் நெஞ்சு துணுக்குறும். 'குழாயில் எடுத்த மாதிரி சரியாக அமையவில்லை' என்றால் இவ்வச்சம் எழாது.

7. எண்ணும் மொழியே

எண் மொழிபெயர்ப்பு வேண்டாதது என்னும் கருத்து பரவலாக உண்டு. இந்தியாவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என எழுதப்படும். இங்கிலாந்தில் அதுவே லிட்டருக்கு 7 மில்லிமோல். லண்டனில் வாழும் தமிழர் ஒருவர் 'சர்க்கரை ஏழு' என்று சொன்னால் ஊரிலுள்ளவருக்கு ஒன்றும் விளங்காது. நாம் 'தட்டணு ஒன்றரை லட்சம்' என்பதை உலகளாவிய அலகில் '150' என்று எழுதுவர். இந்திய வாசகர் அதனைப் பேரபாயமாகக் கொள்ளக்கூடும். எண்ணின் பொருளும் நிலையானதன்று. 1997இல் அமெரிக்க நீரிழிவுக் கழகம் நோயின் எல்லையை 140இலிருந்து 126க்குக் குறைத்தது. இரத்தத்தில் எம்மாற்றமும் நிகழாமலே பலர் ஒரே நாளில் நோயாளராயினர். எண், அலகு, ஒப்பீட்டு வீச்சு, தேதி ஆகிய நான்கும் சேர்ந்ததே முடிவு என்னும் முழுத்தொடர். அவற்றுள் ஒன்றை விடுத்து மொழிபெயர்ப்பது வினைமுற்றை விட்டுத் தொடரை மொழிபெயர்ப்பது போன்றது.

8. முடிவுரை

நோயாளரைக் கண்டவரே இரத்தத்தையும் கண்ட காலத்தில் சீட்டு தேவைப்படவில்லை. பணி பிரிந்தபோது மருத்துவரை நோக்கிய சீட்டு பிறந்தது. இன்று அதே சீட்டு, தன்னை நோக்கி எழுதப்படாத ஒருவரால் படிக்கப்படுகிறது. மருத்துவ ஆய்வகங்களுக்கான உலகத் தரநெறி முதன்முதலில் 2003இல் வெளிவந்தது. அதன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு நோயாளர் நலனை முன்னிறுத்துகிறது. அளவையின் தரத்தை ஒப்பிட்டு அறிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் புறத்தர ஒப்பீட்டுத் திட்டத்தில் நாடெங்குமுள்ள ஆய்வகங்கள் பங்கேற்கின்றன. ஒரே மாதிரியை எல்லா ஆய்வகங்களும் அளந்து தத்தம் எண்களை ஒப்பிடுவது அத்திட்டம். சீட்டில் உள்ள சொல்லை ஒப்பிட்டு அறிவதற்கு அத்தகைய ஏற்பாடு நம்மிடம் இல்லை.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யத்தக்கன சில உள. முதலாவது, தனிச்சொல்லை விட்டுத் தொடரை அலகாகக் கொள்ளுதல். 'ஹீமோகுளோபின்', 'பிளேட்லெட்' போன்ற பெயர்கள் மக்கள் நாவில் பழகியவை; அவற்றை மாற்றுவதில் செலவிடும் உழைப்பை, 'இம்முடிவு எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது, அடுத்து யாரைக் காண வேண்டும்' என்னும் மூன்று தொடர்களை எழுதுவதில் செலவிடலாம். இரண்டாவது, 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' ஆகியவற்றைத் தனித்து நிற்க விடாமல் எது உண்டு, எது இல்லை எனப் பெயரோடு எழுதுதல். மூன்றாவது, 'இயல்பு அளவு' என்பதை விடுத்து 'ஒப்பீட்டு வீச்சு' எனல். நான்காவது, அறிவுறுத்தல்களை அவ்வட்டார உணவுச் சொற்களிலேயே எழுதி, அவற்றைப் படிப்போரைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லச் செய்து சோதித்தல்.

இவற்றுக்குக் களம் தொலைவில் இல்லை. 1969இல் மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் தேவராஜ மொஹல்லாவின் தொட்டாஸ்பத்ரெயும் ஒரே நகரில் உள்ளன. கன்னடம், உருது, தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் ஒரு பக்க விளக்கச் சீட்டு ஒன்றை உருவாக்கி, இவ்வட்டாரத்து நோயாளரிடமே படித்துக் காட்டித் திருத்துவது ஒரு பருவ ஆய்வுப்பணியில் இயலக்கூடியது. கிறீன் தம் மாணவருக்குத் தமிழில் அறுவை மருத்துவத்தைக் கற்பித்த 1860களில் அவர் முன்னிருந்த பணி இதனினும் அரியது.